கோஃபர் சர்வர் அமைப்பது எப்படி? ஒரு டேப் என்னைப் படுத்திய கதையோடு

கோஃபர் என்பது 1991-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்கஹில் குழு உருவாக்கிய இணையச் சேவை. எல்லாமே மெனுதான்: ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு மெனுவோ கோப்போ வரும். 1993-இல் சர்வர் மென்பொருளுக்குக் கட்டணம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் தன் வெப் மென்பொருளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அப்புறம் யார் கோஃபர் பக்கம் போவார்கள்? ஆனாலும் சர்வர் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

டெபியன் அல்லது உபுண்டு (இரண்டும் லினக்ஸ் வகைகள்) இருக்கும் கணினி ஒன்று போதும். கமாண்டுகளை உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

படி 1: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கோஃபர்நிக்கஸ். இதுதான் நம் கோஃபர் சர்வர் மென்பொருள். பைத்தானில் நாமே பத்து வரியில் ஒரு சர்வர் எழுதலாம்தான். ஆனால் கோஃபரின் போர்ட் (கணினியில் ஒரு சேவைக்கான வாசல் எண்) 70. 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்கப் பொதுவாக ரூட் (முழு நிர்வாகி) அனுமதி வேண்டும். நாம் எழுதிய ஸ்கிரிப்டை ரூட்டாக ஓடவிடுவது எனக்குப் பிடிக்காது. கோஃபர்நிக்கஸில் போர்ட்டைக் கவனிக்கும் வேலையை, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும்.

படி 2: சர்வரின் மூல அடைவுக்குள் (என் கணினியில் அது வார் அடைவுக்குள் இருக்கும் கோஃபர்) இரண்டு மூன்று டெக்ஸ்ட் கோப்புகளைப் போடுங்கள். பட்டியலை சர்வரே தயாரித்துவிடும்.

படி 3: பார்க்க லின்க்ஸ் என்ற எழுத்து மட்டும் காட்டும் பிரவுசரை நிறுவுங்கள். லினக்ஸ் இல்லை, லின்க்ஸ். ஃபயர்ஃபாக்ஸ் 2011-இல் 4-ஆம் பதிப்போடு கோஃபரைக் கைவிட்டுவிட்டது, குரோமில் அது எப்போதுமே கிடையாது. படங்களோடு அழகாக வேண்டுமென்றால் லாக்ரேஞ்ச் என்ற பிரவுசர் இருக்கிறது. எனக்கு லின்க்ஸே போதும், அம்புக்குறி விசைகளாலேயே சுற்றி வரலாம்.

படி 4: நம் விருப்பப்படி மெனு. இங்கேதான் ஒரு மாலை முழுவதும் போனது.

அடைவுக்குள் கோஃபர்மேப் என்ற பெயரில், பின்னொட்டு எதுவும் இல்லாமல், ஒரு கோப்பை உருவாக்குங்கள். உள்ளே இப்படி எழுத வேண்டும்:

வணக்கம், இது என் கோஃபர் வீடு
0முதல் பதிவு [டேப்] முதல்.டெக்ஸ்ட்
1பழைய பதிவுகள் [டேப்] பழையவை

முதல் எழுத்து வகையைச் சொல்கிறது. 0 என்றால் டெக்ஸ்ட் கோப்பு, 1 என்றால் இன்னொரு மெனு. [டேப்] என்ற இடத்தில் டேப் விசையை ஒருமுறை தட்டுங்கள், பக்கத்தில் இடைவெளி விடாதீர்கள். நான் வேறொரு பக்கத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினேன். ஒட்டும்போது டேப் இருந்த இடத்தில் வெற்று இடைவெளிகள் உட்கார்ந்துவிட்டன. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. டேப் இல்லாத வரியை கோஃபர்நிக்கஸ் சாதாரண வாசகமாக எடுத்துக்கொள்ளும். அதனால் முன்னால் இருந்த 0 உட்பட எல்லாம் திரையில் தெரிந்தது, இணைப்பு மட்டும் இல்லை. நான் சர்வரைச் சந்தேகித்து இரண்டு முறை அழித்து நிறுவினேன்!

கண்டுபிடிக்க வழி: கேட் கமாண்டோடு மைனஸ் பெரிய ஏ சேர்த்துக் கோப்பைப் பாருங்கள். உண்மையான டேப் இருக்கும் இடத்தில் கூரைக்குறியும் பெரிய ஐ-யும் தெரியும். விம் எடிட்டர் பயன்படுத்துகிறவர்கள், டேப்பை இடைவெளிகளாக மாற்றும் எக்ஸ்பாண்ட்டேப் அமைப்பை அணைத்துவிடுங்கள். இந்த வேலைக்கு நேனோ எடிட்டரே நல்லது, நாமாகச் சொல்லாதவரை அது டேப்பைத் தொடாது.

படி 5: கோப்பு மெனுவில் வரவே இல்லையா? எல்லோரும் படிக்கும் அனுமதி இல்லாத கோப்பை கோஃபர்நிக்கஸ் காட்டாது. அனுமதியை மாற்றும் சிஹெச்மோட் 644 கமாண்டைக் கோப்பின் பெயரோடு கொடுங்கள். அப்படியே, கோஃபரில் குறியாக்கப் பாதுகாப்பு கிடையாது, ரகசியம் எதையும் வைக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: "முதல் பக்கம் தெரிகிறது, எந்த இணைப்பைத் தட்டினாலும் திறக்கவில்லை" என்று பின்னூட்டத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இருவருமே வேறு கணினியிலிருந்து பார்த்தவர்கள். நான் சர்வர் கணினியிலேயே சோதித்ததால் எனக்கு இது தெரியாமல் போனது. கோஃபர் மெனுவின் ஒவ்வொரு வரியிலும் சர்வரின் பெயரும் போர்ட்டும் சேர்ந்தே வரும். நாம் எழுதாவிட்டால் சர்வர் தனக்குத் தெரிந்த பெயரை ஒட்டிவிடும். அந்தப் பெயர் லோக்கல்ஹோஸ்ட் (‘இதே கணினி’ என்று பொருள்) என்றால், பார்ப்பவரின் பிரவுசர் அவருடைய கணினியிலேயே போய்த் தேடும். சர்வர் கணினியில் என்சி லோக்கல்ஹோஸ்ட் 70 என்று அடித்து, வெறும் என்டர் தட்டுங்கள். மெனுவின் மூல வடிவம் அப்படியே வந்து விழும், ஒவ்வொரு வரியிலும் டேப்பால் பிரிந்த மூன்றாவது பகுதியில் இருப்பதுதான் பெயர். தவறாக இருந்தால் ஈடிசி அடைவில், டிஃபால்ட் என்பதற்குள் இருக்கும் கோஃபர்நிக்கஸ் கோப்பைத் திறந்து, மைனஸ் ஹெச் என்பதற்குப் பிறகு மற்றவர்கள் உங்கள் கணினியை அடையும் பெயரையோ ஐபி முகவரியையோ எழுதுங்கள். ஒருவருக்கு இதில் சரியாகிவிட்டது. இன்னொருவர் ஃபயர்வாலில் போர்ட் 70-ஐத் திறந்திருந்தார், ஆனால் யுடிபி-க்கு. கோஃபருக்கு டிசிபி வேண்டும் (இரண்டும் தரவை அனுப்பும் வெவ்வேறு முறைகள்).