எல்லாத் தளத்தையும் கறுப்பாக்க வேண்டாம்: தளத்துக்குத் தளம் டார்க் மோட் வைக்கும் முறை

திருமலையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ். ஏறும் இடத்தில் நடத்துநர், "தம்பி, டிக்கெட்டைக் காட்டுங்கோ" என்றார். ஒன்லைனில் எடுத்த டிக்கெட்தான். பக்கத்தைத் திறந்தால் கியூஆர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, ஒரே இருட்டு. பின்னால் பைகளோடு ஒரு வரிசையே நிற்கிறது. பிரவுசரில் எல்லாத் தளத்துக்கும் டார்க் மோட் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கியூஆர் பின்னணி நிறமே இல்லாத படம். பக்கம் கறுப்பானதும் கறுப்பின் மேல் கறுப்புக் கோடுகள், ஸ்கேனர் எதைப் படிக்கும்?

அந்தப் பழக்கம் 2022 மார்ச்சில் தொடங்கியது. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. போன் சார்ஜை மிச்சம் பிடிக்கக் கண்ணில் பட்டதையெல்லாம் கறுப்பாக்கினேன். உண்மையில் ஓஎல்இடி திரையில்தான் அதனால் பயன். அதில் கறுப்புப் புள்ளிகள் அணைந்தே கிடக்கும். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் பக்கத்தைக் கறுப்பாக்கி மிச்சமாவது ஏதுமில்லை. ஓஎல்இடியிலும் பெரிய இலாபத்தை எதிர்பார்க்க வேண்டாம். பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் 6 ஆண்ட்ராய்டு செயலிகளை வைத்து அளந்து பார்த்தது. திரை வெளிச்சம் 30 முதல் 50 சதவீதமாக இருக்கையில் சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான் மிச்சம். வெளிச்சம் முழுதாக இருந்தால் 39 முதல் 47 சதவீதம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் தளத்திலேயே அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். யூடியூப்பில் உங்கள் படத்தைத் தொட்டால் 'அப்பியரன்ஸ்' வரும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2024 முதல் இருக்கிறது. தளத்தைச் செய்தவர்களே நிறம் பார்த்து வைத்தது என்பதால் படம், அட்டவணை பெரும்பாலும் கெடாது. இது கிடைத்தால் மேற்கொண்டு எதையும் நிறுவத் தேவையில்லை.

அடுத்தது பிரவுசர். கணினியில் பயர்பொக்ஸ் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல் என்று போய் 'வெப்சைட் அப்பியரன்ஸ்' பகுதியைப் பாருங்கள். ஒட்டோமட்டிக், லைட், டார்க் என்று மூன்று இருக்கும். பலர் இங்கே டார்க் போட்டுவிட்டு, "அண்ணா, இந்தத் தளம் மாறவில்லையே" என்று என்னிடம் கேட்பார்கள். இது தளத்திடம் "எனக்கு இருட்டு விருப்பம்" என்று சொல்லும் ஒரு வேண்டுகோள் மட்டும்தான். 2020 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாம் இப்படிச் சொல்கின்றன. கேட்பதும் கேட்காததும் தளத்தின் விருப்பம். பழைய தமிழ்த் தளங்கள் பல கேட்பதில்லை.

கேட்காத தளங்களுக்குத்தான் டார்க் ரீடர் என்ற இலவச நீட்சி, அதாவது பிரவுசரோடு சேர்க்கும் சிறு மென்பொருள் (எக்ஸ்டென்ஷன்). குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும். பிரவுசரின் சொந்த நீட்சிக் கடையிலிருந்து மட்டும் எடுங்கள். இதே பெயரில் போலிகளும் வந்ததுண்டு. நிறுவும்போது எல்லாத் தளத்தின் தகவலையும் வாசிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். நிறம் மாற்ற அது இல்லாமல் முடியாது. போலி ஆபத்தாவதும் அதே அனுமதியால்தான்.

நிறுவியதும் எல்லாத் தளமும் கறுப்பாகிவிடும். நான் விட்ட பிழை இந்த நிலையிலேயே விட்டதுதான். உடனே ஐகனை அழுத்தி, அதன் செட்டிங்ஸில் 'சைட் லிஸ்ட்' பகுதிக்குப் போங்கள். எல்லாத் தளத்திலும் தானாக இயங்கும் தெரிவை அங்கே நிறுத்திவிடுங்கள். பழைய பதிப்புகளில் இது 'இன்வர்ட் லிஸ்டட் ஒன்லி' என்று இருக்கும். இனி நீங்கள் சேர்க்கும் தளம் மட்டும் கறுக்கும்.

சேர்ப்பது சுலபம். வேண்டிய தளத்தைத் திறந்து ஐகனை அழுத்தினால் மேலே அந்தத் தளத்தின் பெயரோடு ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துங்கள், முடிந்தது. கணினியில் ஆல்ட், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதுவே நடக்கும். மறுபடி அழுத்தினால் தளம் பழைய நிறத்துக்கு வரும். ஏக்குப் பதிலாக டி அழுத்தினால் நீட்சியே மொத்தமாக நிற்கும்.

இனித் தமிழ் வாசகர்களுக்கென்று ஒரு விஷயம். மையிருட்டில் பளீர் வெள்ளை எழுத்து என்றால் நம் எழுத்தின் புள்ளியும் சுழியும் கசிந்ததுபோலத் தெரியும். க், ங் போன்றவற்றில் புள்ளி இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) உள்ளவர்களுக்கு இது இன்னும் மோசம். டார்க் ரீடரில் 'கொன்ட்ராஸ்ட்' (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு) அளவைக் கொஞ்சம் குறையுங்கள். அப்புறம் எழுத்துருப் பகுதியில் 'டெக்ஸ்ட் ஸ்ட்ரோக்' என்பதைத் துளி கூட்டுங்கள், மெல்லிய எழுத்து தடிக்கும். 'ஒன்லி ஃபோர்' என்ற பொத்தானை முதலில் அழுத்திவிட்டு மாற்றினால், அந்த மாற்றம் அந்த ஒரு தளத்துக்கு மட்டும். நான் செய்தித் தளங்களுக்கு இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கறுப்பாக்கக் கூடாதவை என்று என் கணக்கில் சில உண்டு. டிக்கெட், வங்கி, பரீட்சை விண்ணப்பப் படிவம், வரைபடமோ வரைகோடோ உள்ள பாடப் பக்கம். பகலில் வெளியே போன் பார்ப்பவர்களும் யோசிக்க வேண்டும். காலையில் திருமலை டச்பே கடற்கரையில் கறுப்புத் திரையைத் திறந்தால் செய்தி தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும். நேரம் குறித்துத் தானாக இயங்கவும் விடலாம். நம்மூருக்கு மாலை ஆறரை முதல் காலை ஆறு வரை வைத்தால் போதும். பழைய லப்டொப்பில் பக்கங்கள் மெதுவாகத் திறந்தால் அதற்கும் இந்த நீட்சி காரணமாக இருக்கலாம், கறுக்கும் தளங்களின் பட்டியலைச் சுருக்குங்கள்.

போனில் குரோம் வைத்திருந்தால் நீட்சி போட முடியாது. ஆண்ட்ராய்டு பயர்பொக்ஸில் முடியும். மெனுவில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் திறந்து டார்க் ரீடரைச் சேர்த்துவிட்டு, தளத்தில் இருக்கும்போது அதே மெனுவழி அதைத் திறந்து பெயர்ப் பொத்தானை அழுத்த வேண்டும். கணினியை விட ஒரு தட்டு கூடுதல்.

போன மாதமும் அதே இரவு பஸ்தான். வீட்டிலேயே டிக்கெட் பக்கத்தைத் திறந்து பார்த்து, திரை வெளிச்சத்தையும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினேன். நடத்துநர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஸ்கேன் செய்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.