தாயகப் பயணத்தில் பிள்ளை விடாமல் வாந்தியெடுத்தால்

பிள்ளைகளுடன் தாயகம் செல்வோரின் கைப்பையில் முதலில் இருக்க வேண்டியவை உப்புக்கரைசல் (ORS) பொதிகளும் (இலங்கையில் இதை ஜீவனி என்பார்கள்), பிள்ளையின் எடை, ஒவ்வாமைகள், வழக்கமாக எடுக்கும் மருந்துகளின் மூலப்பெயர்கள் ஆகியவற்றை எழுதிய ஒரு தாளும்தான். மருந்துகளின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். சிறுவர்க்குரிய அளவையோ எடையைக் கொண்டே கணிப்பார்கள்.

தாகத்தில் தவிக்கும் பிள்ளைக்கு ஒரே மூச்சில் ஒரு குவளை கொடுத்தால், எரிச்சலுற்றிருக்கும் இரைப்பை அதை அப்படியே வெளியே தள்ளிவிடும். பொதியில் குறித்துள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீட்டர், புகட்டுங்கள். மீண்டும் வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

அவசர சிகிச்சைப் பிரிவிலும் பெரும்பாலும் இதையேதான் செய்வார்கள். மிதமான நீரிழப்புள்ள பிள்ளைக்கு நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லிலீட்டர் கரைசல் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. 12 கிலோ பிள்ளைக்கு அது 900 மில்லிலீட்டர். வாந்தியால் கரைசல் உள்ளே தங்காதபோது, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மருத்துவர் ஒன்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்தை ஒரு தடவை கொடுக்கலாம். இதயத் துடிப்புக் கோளாறு பிள்ளைக்கோ குடும்பத்திலோ இருந்தால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளை குடிக்கும் நிலையில் இருக்கும்போது சேலைன் ஏற்றும்படி வற்புறுத்தாதீர்கள். சோர்ந்து மயங்குவோருக்கும் கரைசல் தங்காதோருக்கும்தான் அது உரியது. மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் டொம்பெரிடோன், மெட்டோகுளோப்பிரமைட் போன்ற வாந்தித் தடுப்பு மருந்துகளை நீங்களாக வாங்கிக் கொடுப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். பின்னது சிறுவர்களிடம் கழுத்தும் கண்களும் கட்டுப்பாடின்றி இழுபடும் பக்கவிளைவை உண்டாக்கக்கூடியது.

வாந்தி பச்சை நிறமாகவோ இரத்தத்துடனோ வந்தாலும், தலையில் அடிபட்ட பின் தொடங்கினாலும், கடும் வயிற்றுவலி, தலைவலியுடன் கழுத்து விறைப்பு, எழுப்பக் கடினமான தூக்கம், எட்டு மணி நேரமாகச் சிறுநீரின்மை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த சிசுவென்றால் காத்திருக்கவே வேண்டாம். இலங்கையில் 1990, தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

காய்ச்சல் தணியும் வேளையில் வாந்தியும் வயிற்றுவலியும் கூடுவது டெங்குவின் எச்சரிக்கை அறிகுறி. பிள்ளை தேறுகிறது என்று அப்போது ஆறுதல் கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஐபுபுரோஃபனும் ஆஸ்பிரினும் இரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டுவதால், டெங்கு இல்லையென்று தெளியும்வரை காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல் மட்டுமே கொடுங்கள்.