பெரிய அளவு உடைகள்: வெட்டுமேசையிலிருந்து விளம்பரம் வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்எல் (XL) அளவுக்கு மேலும் உடை தைக்கலாம் என்று புதிதாக இறங்குபவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். மகிழ்ச்சியான விஷயம். ஆனால் முன்னால் வந்தவர்கள் துணியையும் பணத்தையும் கொட்டிக் கற்ற பாடத்தை இவர்களும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குகிறார்கள். கெட்டுப்போவது துணி மட்டுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். உடை மாற்றும் அறைக்குள் கண்ணாடி முன் நிற்கும் பெண், தோளில் சரிந்து கையில் இறுக்கும் அந்த உடையைப் பார்த்து, "என் உடம்புதான் சரியில்லை" என்று முடிவு கட்டிவிட்டு வெளியே வருகிறாள். பழுது பேட்டர்னில் (துணி வெட்ட வரையும் காகித வடிவத்தில்), பழி அவள்மேல்.

அளவெடுக்கும்போது டேப் முறுக்கிக்கொள்ளக் கூடாது, துணியை முன்பே நனைத்துச் சுருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

88-க்கு வெட்டிய பேட்டர்னை 128 வரை இழுப்பது

எல்லாவற்றிலும் அதிகம் செலவு வைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும் இதுதான்.

வழக்கமாக நடப்பது இப்படி. மார்புச் சுற்று 88 செ.மீ. உள்ள ஒருவருக்குச் சாம்பிள் தைத்து, போட்டுப் பார்த்து, திருத்தி, பேட்டர்னை முடிக்கிறார்கள். பிறகு கிரேடிங்: அளவுக்கு 5 செ.மீ. வீதம் கூட்டிக்கொண்டே போகிறார்கள். எட்டுப் படி ஏறினால் 128. கணினி ஒரே நொடியில் போட்டுக் கொடுத்துவிடும். அந்த 128-ஐ யாரும் தைத்துப் பார்ப்பதில்லை. நேராக மொத்த வெட்டுக்குப் போய்விடுகிறது.

இப்போது ஒவ்வொரு இடமாகக் கணக்குப் பார்ப்போம். தோள் நீளம் 12.5 செ.மீ. படிக்கு அரை செ.மீ. கூட்டினால் 16.5 ஆகிவிடும். ஆனால் எடை கூடுவதால் தோள் எலும்பு நீளாது. மார்புச் சுற்று 128 உள்ள பெண்ணின் தோளும் பெரும்பாலும் 13, 13.5-க்குள்தான் இருக்கும். பக்கத்துக்கு 3 செ.மீ. தொங்குகிறது. கழுத்துக்கும் இதே கதி: படிக்கு 1 செ.மீ. வீதம் 8 செ.மீ. விரிந்து, உள்ளாடைப் பட்டி வெளியே தெரிகிறது.

ஆர்ம்ஹோல், அதாவது கை சேரும் வளையம், படிக்கு 0.6 வீதம் ஏறக்குறைய 5 செ.மீ. கீழே இறங்குகிறது. இறங்கினால் வசதியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் பலர். நேர்மாறாகத்தான் நடக்கும். அக்குளை விட்டு ஆர்ம்ஹோல் எவ்வளவு கீழே போகிறதோ, கையைத் தூக்கும்போது உடை முழுவதும் அவ்வளவு மேலே ஏறும். பேருந்துக் கம்பியைப் பிடித்தால் வயிறு தெரியும். ஆர்ம்ஹோல் அக்குளுக்கு 2 முதல் 2.5 செ.மீ. கீழே நின்றால் போதும். தேவைப்படும் இடத்தை ஆழத்தில் தேடாமல் அகலத்தில் கொடுங்கள்.

மேல்கையில் நிலைமை தலைகீழ். 88 அளவில் கையின் சுற்று 28, அதற்கு 5 செ.மீ. லூஸ் சேர்த்து 33 என்று வெட்டியிருப்பார்கள். படிக்கு 1.2 கூட்டினால் 128-ல் 42.6 வரும். அந்த அளவில் பல பெண்களின் மேல்கையே 42, 44 இருக்கும். லூஸுக்கு ஒன்றும் மிச்சமில்லை. தோளில் தொளதொளப்பு, கையில் இறுக்கம்: இரண்டும் ஒரே உடையில் எப்படி என்று புதியவர்கள் குழம்புவது இங்கேதான். தோள் இவ்வளவு கூடக் கூடாது, கை இதைவிட அதிகம் கூட வேண்டும். ஒரே விகிதத்தில் இழுத்தால் இரண்டுமே தப்பும்.

பிறகு மார்பு. பெரும்பாலான அடிப்படைப் பேட்டர்ன்கள், மார்பின் மேல்விளிம்புச் சுற்றுக்கும் முழுச் சுற்றுக்கும் சுமார் 5 செ.மீ. வித்தியாசம் என்ற கணக்கில் வரையப்பட்டவை. பெரிய அளவுகளில் இந்த வித்தியாசம் 10, 12, சிலருக்கு 15 வரை போகும். கிரேடிங் சுற்றளவைக் கூட்டுகிறது. டாட்டை, அதாவது மார்பின் மேட்டுக்கு இடம் கொடுக்க ஆப்பு வடிவில் மடித்துத் தைக்கும் மடிப்பை, அப்படியே விட்டுவிடுகிறது. விளைவு: முன்பக்க விளிம்பு மேலே தூக்கும், பக்கத் தையல் முன்னால் சாயும், மார்பு முனையிலிருந்து அக்குளை நோக்கி ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பைப் பார்த்ததும் "இன்னும் லூஸ் விடு" என்று பக்கத் தையலைப் பிரிக்கிறார்கள். முதுகு பை போல ஆகும். முன்பக்கம் தூக்கியது தூக்கியபடியே இருக்கும். குறைவது அகலம் மட்டுமல்ல, முன்பக்க நீளமும்தான்.

சரிசெய்யும் முறை இது. அளவைத் தேர்ந்தெடுக்கும்போது முழுச் சுற்றைப் பார்க்காதீர்கள். டேப்பை அக்குள் வழியாக, மார்புக்கு மேலே சுற்றி எடுத்த அளவை வைத்துத் தேர்ந்தெடுங்கள். தோளும் கழுத்தும் அதோடுதான் ஒத்துப்போகும். பிறகு முன்பக்கப் பேட்டர்னில் மூன்று கோடுகள் போடுங்கள்: மார்பு முனையிலிருந்து நேர்கீழே விளிம்பு வரை ஒன்று, முனையிலிருந்து ஆர்ம்ஹோலின் கீழ் மூன்றில் ஒரு பங்கை நோக்கி ஒன்று, பக்க டாட்டின் நடுவே முனை வரை ஒன்று. ஆர்ம்ஹோல் ஓரத்தில் ஒரு நூல் அளவு விட்டுவிட்டு மற்றதை வெட்டி விரியுங்கள். மொத்தம் 6 செ.மீ. போதவில்லை என்றால், பாதிப் பேட்டர்னில் 3 செ.மீ. விரிப்பு. டாட் தானாகவே அகலமாகும். நடுப்பகுதியின் கீழ்விளிம்பு குட்டையாக நிற்கும். அதையும் வெட்டி இறக்கிச் சமப்படுத்துங்கள். டாட் 5 செ.மீ.க்கு மேல் போனால் முனை கூம்பாக நிற்கும். இரண்டு டாட்டாகப் பிரியுங்கள், அல்லது டாட்டுக்குப் பதில் மார்பு முனை வழியே நெட்டாக ஓடும் தையலுள்ள பிரின்சஸ் கட்டுக்கு மாற்றுங்கள்.

ஒருவருக்குத் தைப்பவருக்கு இது போதும். வரிசையாகப் பல அளவுகள் தயாரிப்பவருக்கு இரண்டாவது அடிப்படைப் பேட்டர்ன் கட்டாயம் வேண்டும். முதல் பேட்டர்ன் 104 வரை போகட்டும். அதற்கு மேல், மார்புச் சுற்று 116 உள்ள ஒரு பெண்ணை அளந்து, அவருக்காகவே புதிதாக வரைந்து, காடாத்துணியில் தைத்துப் போட்டுப் பாருங்கள். அங்கிருந்து மேலும் கீழும் மூன்று படிக்கு மேல் நகராதீர்கள். இந்த வரிசைக்குக் கிரேடிங் விதிகளும் வேறு. படிக்கு 6 செ.மீ. சுற்றளவு, தோளுக்கு 0.2, ஆர்ம்ஹோல் ஆழத்துக்கு 0.3, மேல்கைக்கு 2 செ.மீ. வரை என்று தொடங்கி, போட்டுப் பார்த்துத் திருத்துங்கள். உடை நீளத்தைக் கூட்ட வேண்டாம். சுற்றளவு கூடினால் உயரம் கூடுவதில்லை.

ஒரு பெண்ணோடு நிறுத்தவும் கூடாது. மார்புச் சுற்று 116 என்றால் ஒருவருக்கு இடை 94, இன்னொருவருக்கு 112. வயிறு முன்னால் உள்ளவருக்குப் பக்கத் தையலைச் சரிபாதியில் வைத்தால் தையல் முன்னால் இழுபடும். முன்பக்கத்துக்கு 2, 3 செ.மீ. அதிகம் கொடுங்கள். குறைந்தது இரண்டு உடல்வாகு உள்ளவர்கள் போட்டுப் பார்த்த பிறகே கத்திரியை எடுங்கள். நின்று பார்ப்பது மட்டும் சோதனை ஆகாது. கையைத் தூக்க வேண்டும், குனிய வேண்டும், படி ஏற வேண்டும், பத்து நிமிடம் உட்கார வேண்டும்.

இரண்டாவது பேட்டர்னுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ஒரு பேட்டர்ன், நாலைந்து காடாச் சாம்பிள், இரண்டு பெண்களின் நேரத்துக்கான கூலி. அவ்வளவுதான் அந்தச் செலவு. விற்காமல் நிற்கும் முந்நூறு உடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த உடைகள் நின்றதும் "பெரிய அளவு யாரும் வாங்குவதில்லை" என்று வரிசையையே மூடிவிடுகிறார்கள். வாங்க வந்தவர்கள் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

நின்றபடி மட்டும் சீட் (பிட்டச் சுற்று) அளவு எடுப்பது

உட்காரும்போது சீட்டும் தொடையும் அகலும். நாற்காலியில் உட்காரவைத்து இன்னொரு முறை அளந்து, இரண்டில் பெரியதற்குக் கால்சட்டை வெட்டுங்கள். உட்கார்ந்தால் பின்பக்கப் பட்டி கீழே சரிகிறது என்ற புகாருக்கு இடுப்பை இறுக்குவது மருந்து ஆகாது. பின்பக்கக் கவட்டை நீளம் போதவில்லை. பின்பக்கத்தின் நடுவை மட்டும் 3, 4 செ.மீ. உயர்த்திப் பக்கத்தில் பழைய உயரத்தோடு சேருங்கள்.

உள்தொடை உரசும் இடத்தில் துணி முதலில் தேயும். அங்கே தடித்த தையல் மேடு வேண்டாம்; கவட்டையில் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்தால் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் குவியாது.

பட்டன்

முதல் பட்டனை மார்பு முனையின் கோட்டில் வையுங்கள். மற்றவற்றை அங்கிருந்து மேலும் கீழும் 7 செ.மீ.க்கு ஒன்றாகப் பிரியுங்கள். கழுத்திலிருந்து எண்ணி வந்தால் விரிசல் மார்புக்கு நேரேதான் விழும்.

ஃப்ரீ சைஸ்

அப்படி ஓர் அளவு கிடையாது.

லேபிளில் உள்ள எண்ணை நம்புவது

அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனத்தின் 1937 விலைப்பட்டியலில் 32 அங்குல மார்புச் சுற்றுக்கு 14 என்று எண். 1967-ல் அதே சுற்றுக்கு 8. உடம்பு மாறவில்லை; எண்தான் மாறியது. அந்நாட்டு அரசு 1939, 1940 ஆண்டுகளில் சுமார் 15,000 பெண்களை அளந்து பார்த்தது. வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். அந்த அடிப்படையில் 1958-ல் வந்த அளவுத் தரம் 1983-ல் கைவிடப்பட்டது. யாரை அளக்கவில்லையோ அவர்களுக்கு உடை பொருந்தாமல் போவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உங்கள் அளவு அட்டவணையில் மார்பு, இடை, சீட், மேல்கை நான்கையும் செ.மீ.யில் போடுங்கள். மேல்கையை விட்டுவிடுபவர்களே அதிகம். திரும்பி வரும் உடைகளில் பல அதனால்தான் வருகின்றன. உடம்பின் அளவா, உடையின் அளவா என்பதையும் அட்டவணைக்கு மேலேயே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் இடையே 8 முதல் 10 செ.மீ. லூஸ் இருக்கிறது, தப்பாகப் படித்தால் வாங்குபவர் இரண்டு அளவு தள்ளிப் போய்விடுவார்.

துணிக் கணக்கைச் சின்ன அளவில் போடுவது

150 செ.மீ. அகலத் துணியில் 72 செ.மீ. அகலமுள்ள இரண்டு துண்டுகள் பக்கம் பக்கமாக அடங்கும். 76 ஆனால் அடங்காது. ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் போட வேண்டும், துணி ஏறக்குறைய இரட்டிப்பாகும். செலவு சிறுகச் சிறுக ஏறாமல் இப்படி ஒரே அளவில் தாவும். எந்த அளவில் தாவுகிறது என்பதை விலை வைக்கும் முன் கண்டுபிடியுங்கள். ஒரு நெட்டுத் தையல் கூட்டி மூன்று துண்டாக்கினால் பெரும்பாலும் பழைய கணக்குக்கே திரும்பிவிடலாம்.

ஒல்லியான மாடலுக்குப் பஞ்சு கட்டுவது, முதுகில் கிளிப் போடுவது

படப்பிடிப்பில் நடக்கும் தவறுகளில் இதுவே மோசமானது. பெரிய அளவுக்கான படத்துக்கு நடுத்தர அளவுள்ளவரை வரவழைத்து, சீட்டிலும் மார்பிலும் பஞ்சு வைத்து நிரப்புகிறார்கள். முகமும் கழுத்தும் கைகளும் ஒல்லியாகவே இருக்கும். வாங்குபவருக்குக் கையிலும் கழுத்திலும் உடை எப்படி நிற்கும் என்பது தெரியவே தெரியாது. முதுகில் கிளிப் போட்டு இறுக்குவதும் அப்படித்தான். அந்தப் படத்தில் இருப்பது நீங்கள் விற்கும் உடையே அல்ல.

படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்: மாடலின் உயரம், மார்பு, இடை, சீட், அவர் போட்டிருக்கும் அளவு. அதே உடையை மூன்று அளவுகளில் மூன்று பேர் போட்ட படம் இருந்தால், வாங்குபவர் தன்னைப் போன்ற உடம்பைத் தேடிப் பிடித்துக்கொள்வார். மூவரும் இடை ஒடுங்கிய உடல்வாகாகவே இருந்தால் பயனில்லை. வயிறு உள்ளவர் ஒருவர், சீட் அகன்றவர் ஒருவர் வேண்டும். எல்லாரையும் ஒரே தூரத்திலிருந்து, ஒரே லென்ஸில், முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று எடுங்கள். பெரிய அளவுக்காரரை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, கையால் வயிற்றை மறைத்து நிற்கவைக்காதீர்கள். மாடல் வருமுன் அவர் அளவுச் சாம்பிள் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் படப்பிடிப்பைத் தள்ளி வையுங்கள்.

கணினியில் ஒடுக்குவது

பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், மாடலின் உடலை ஒல்லியாகவோ தடிமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். தவறினால் 37,500 யூரோ அபராதம். இஸ்ரேலில் இத்தகைய சட்டம் 2013-லேயே நடைமுறைக்கு வந்தது. நார்வேயில் 2022 ஜூலை முதல் சமூக ஊடக விளம்பரங்களுக்கும் உண்டு. உங்கள் நாட்டில் சட்டம் இல்லாவிட்டாலும் செய்யாதீர்கள். இடையை ஒடுக்கும்போது துணியின் கோடுகளும் வளைகின்றன. உடை எங்கே மடிகிறது, எங்கே தாராளமாக நிற்கிறது என்ற தகவல் அதோடு அழிந்துபோகிறது.

"குறையை மறைக்கும்" என்று எழுதுவது

வயிறு குறை அல்ல. "இடையில் 10 செ.மீ. லூஸ், முழங்காலுக்குக் கீழே முடியும்" என்று எழுதுங்கள். "உண்மையான பெண்கள்" என்ற சொல்லும் வேண்டாம். ஒல்லியானவர்கள் பொய்யானவர்கள் ஆகிவிடுவார்கள்.

விளம்பரத்தில் இருக்கும் அளவு கடையில் இல்லாதது

அந்த அளவை நீங்கள் விற்பதில்லை என்றால் அந்தப் படத்தைப் போடாதீர்கள்.

திரும்பி வந்த உடையை எண்ணிக்கையாக மட்டும் பார்ப்பது

"அளவு சரியில்லை" என்று ஒரே ஒரு கட்டம் வைத்த படிவத்தால் உபயோகமில்லை. தோள், மேல்கை, மார்பு, இடை, சீட், நீளம் என்று ஆறு இடங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இறுக்கமா தொளதொளப்பா என்று கேளுங்கள். ஐம்பது படிவங்களில் முப்பது பேர் மேல்கையைக் குறித்திருந்தால், அடுத்த வெட்டுக்கு முன் எந்தக் கோட்டைத் திருத்த வேண்டும் என்பது பேட்டர்ன் மேசைக்குத் தெரிந்துவிடும்.