ஸ்லாவிய அரசப் பட்டங்களின் உறவை ஆராய்வது எப்படி

ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக இரண்டு பட்டங்களை ஒரே பதவியாகக் கொள்வதே ஸ்லாவிய வரலாற்றைப் படிப்பவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை. சொல்லின் பிறப்பையும் பதவியின் தகுதியையும் தனித்தனியே விசாரித்தால் இந்தப் பிழை நேராது.

முதலில் பட்டத்தின் வடிவங்களை ஸ்லாவிய மொழிகளின் கிழக்கு, மேற்கு, தெற்குக் கிளைவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். மன்னரைக் குறிக்கும் சொல் கிழக்குக் கிளையைச் சேர்ந்த ருஷ்யத்தில் 'கொரோல்', மேற்குக் கிளையின் போலிஷில் 'க்ருல்', செக்கில் 'க்ரால்', தெற்குக் கிளையின் செர்பியத்திலும் 'க்ரால்'. அடுத்து, அரசவையோடு தொடர்பில்லாத ஓர் அன்றாடச் சொல்லை அருகில் வையுங்கள். பசுவுக்கு ருஷ்யத்தில் 'கொரோவா', போலிஷில் 'க்ரோவா', செக்கிலும் செர்பியத்திலும் 'க்ராவா'. பசுவின் பெயர் மாறிய அதே வழியில் மன்னரின் பட்டமும் மாறியிருப்பதால், இந்த ஒலிமாற்றம் முடிவதற்கு முன்பே அது ஸ்லாவியருக்குள் வந்துவிட்டது என்று துணியலாம். 814இல் மறைந்த பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் 'கார்ல்' என்ற இயற்பெயரே இப்பட்டத்தின் மூலம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. காலக்கணக்கும் அதற்குப் பொருந்துகிறது. ஒரு மனிதரின் பெயர் இத்தனை மொழிகளில் அரச பதவியாகவே நிலைத்தது உண்மையிலேயே வியப்புக்குரியது.

இந்தச் சோதனையில் தேறாத வடிவம் கிடைத்தால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் அரசியல் உறவின் தடயமாக இருக்கும். ஐந்து என்ற எண் ருஷ்யத்தில் 'ப்யாத்', செர்பியத்தில் 'பெத்'. அதற்கேற்ப இளவரசருக்குரிய பட்டம் ருஷ்யத்தில் 'க்ன்யாஸ்', செர்பியத்தில் 'க்னெஸ்'. செர்பியாவின் அண்டை நாடான மொண்டெனேக்ரோவின் வட்டார வழக்குகளிலும் ஐந்து 'பெத்' தான். ஆயினும் 1852இல் ருஷ்ய ஆதரவோடு அரியணை உரிமையை உறுதிசெய்த அந்நாட்டு ஆட்சியாளர் டானிலோ சூடிக்கொண்ட பட்டம் 'க்ன்யாஸ்'. உள்ளூர்ப் பேச்சுக்கு ஒவ்வாத அந்த ஓர் உயிரொலி, பட்டம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

பிறப்பை அறிந்தபின் தகுதியைப் பாருங்கள். இதற்கு ஒரே ஆட்சியாளர் பட்டம் மாற்றிக்கொண்ட ஆண்டுகளே நம்பகமான சான்று. செர்பியாவின் மிலான் 1882இல் க்னெஸ் நிலையிலிருந்து க்ரால் ஆனார். பல்கேரியாவின் பெர்டினாண்ட் 1908இல் க்ன்யாஸ் நிலையிலிருந்து நேரே 'ட்சார்' ஆனார். வெளிநாடுகள் அவரை மன்னர் என்றே குறித்தன. ஆனால் 1346இல் ஸ்கோப்யேயில் முடிசூடிய ஸ்டெபான் டூஷானுக்கு அதே ட்சார் பட்டம் பேரரசர் என்ற பொருளையே தந்தது. ருஷ்யாவில் 1547இல் நான்காம் இவான் ட்சாராக முடிசூடினார். 1721இல் பீட்டர் அதற்கு மேலாக 'இம்பெராத்தர்' (பேரரசர்) பட்டத்தை ஏற்றார். ஆகவே நாட்டையும் ஆண்டையும் குறிக்காமல் ட்சாரை மொழிபெயர்க்கக் கூடாது.

பழைய சிரில்லிக் எழுத்து ஏடுகளில் ட்சார் பட்டத்தைச் சில எழுத்துகளாகச் சுருக்கி மேலே கோடிட்டிருப்பார்கள். 'சீசர்' என்பதிலிருந்து வந்த நீண்ட வடிவம் அதற்குள் அடங்கியிருக்கிறது. போலிஷில் 'க்ஷொண்ட்ஸ்', செக்கில் 'க்னெஸ்' ஆகியவை க்ன்யாஸின் உறவுச் சொற்களே என்றாலும், இன்று அவை பாதிரியாரைக் குறிக்கின்றன. ருஷ்ய வம்சாவளிகளைப் படிக்கும்போது 'க்ன்யாகின்யா' என்றால் இளவரசரின் மனைவி, 'க்ன்யாஷ்னா' என்றால் மணமாகாத மகள் என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.