திறந்த நீர்த்தேக்கத்தில் குடிநீர்: எங்கே தவறுகிறோம்?

2011-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், குடிநீர்த் தேக்கத்தில் ஒருவர் சிறுநீர் கழித்தது கேமராவில் பதிவானது. சுமார் 3 கோடி லிட்டர் நீரை வெளியேற்றினார்கள். கலந்தது ஒரு கோடியில் ஒரு பங்குகூட இராது. மக்களின் அருவருப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் திறந்த தேக்கங்களில் பறவைகள் நாள்தோறும் எச்சமிடுகின்றன. அதற்காக யாரும் மதகைத் திறப்பதில்லை. கண்ணில் பட்டதற்கு மட்டும் பதறுவது முதல் தவறு.

சுத்திகரித்த நீரை மறுபடி வெட்டவெளியில் தேக்கிவிட்டு, அது இன்னும் சுத்தமாகவே இருக்கிறது என்று நம்புவது அதைவிடப் பெரிய தவறு. வெயில் குளோரினைச் சிதைத்துவிடும். காலையில், நீர் உள்ளே விழும் இடத்தருகே மாதிரி எடுத்து, குளோரினைக் காட்டும் சோதனை மாத்திரையைப் போட்டால் குப்பி நல்ல இளஞ்சிவப்பாகும். பதிவேட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அன்று பிற்பகல், காற்று சருகுகளை ஒதுக்கி வைத்திருக்கும் எதிர்மூலையில் அதே சோதனையைச் செய்தால் நிறம் ஏறாமலே போகலாம். வீட்டுக் குழாய்வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்ச வேண்டும். எனவே மாதிரியை அந்த மூலையிலும், நீர் வெளியேறும் இடத்திலும் கட்டாயம் எடுங்கள்.

குறைந்தால் குளோரினைக் கூட்டினால் போதும் என்பார்கள். போதாது. 1993-ல் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, குடிநீரில் கலக்கும் அளவு குளோரினுக்கு மசியாது. புற ஊதாக் கதிருக்கு அடங்கும். மேலும், நீரில் புரோமைடு என்ற உப்பு இருந்தால் குளோரினும் வெயிலும் சேர்ந்து புரோமேட்டை உண்டாக்கும். அது புற்றுநோய் அபாயம் உள்ளது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2008-ல் ஒரு தேக்கத்தின்மேல் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டது இந்த வெயிலை மறைக்கத்தான்.

பாசி படர்ந்த பிறகு மயில்துத்தம் போடுவதும் ஆபத்து. நீலப்பச்சைப் பாசி மொத்தமாகச் செத்து உடையும்போது அதன் நஞ்சு நீரில் இறங்குகிறது, காய்ச்சினாலும் போகாது. படரும் முன்பே கவனிக்க வேண்டும்.

தேக்கத்தை மூட வேண்டும், அல்லது வெளியேறும் நீரை மறுபடி கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்று அமெரிக்கா 2006-ல் விதி வகுத்தது. நியாயமான விதி. ஆனால் மூடியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். 1993-ல் மிசௌரி மாநிலத்தின் கிடியன் என்ற சிற்றூரில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா பரவி 7 முதியவர்கள் இறந்தார்கள்; பறவைகள் புகுந்த மூடிய தொட்டியே காரணமாகக் கருதப்பட்டது. தொட்டியின் காற்றுப்போக்கியில் உள்ள கம்பிவலையைக் கையால் தடவிக் கிழிசல் பாருங்கள். தேக்கத்தை மூடும் மிதவை உறையின்மேல் தேங்கும் மழைநீரை அன்றன்றே இறைத்துவிடுங்கள். உறையில் ஓட்டை இருந்தால் எச்சம் கரைந்த அந்த நீர்தான் நேரே உள்ளே இறங்கும்.