சர்வே டேட்டாவ மேப்போட சேர்க்கேக்க வாற பிழையள்: திருகோணமலையில ஆராய்ச்சி செய்யிற ஆக்களுக்கு

வீட்டு சர்வே டேட்டாவையும் மேப்பையும் சேர்க்கிறதில இருக்கிற பெரிய வில்லங்கம் என்னெண்டா, பிழையாச் சேர்த்தாலும் சாஃப்ட்வேர் வாய் திறக்காது. கியூஜிஐஎஸ்ஸோ ஸ்டேட்டாவோ, ஒவ்வொரு வீட்டுக்கும் நேரா மழை, தூரம் எண்டு ஒரு நம்பரப் போட்டுத் தந்திரும், நீங்களும் அத வச்சு ரெக்ரெஷன் ஓட்டி தீசிஸில டேபிளாப் போட்டிருவீங்க, பிறகு ஆர் அதக் கிண்டிப் பாக்கப் போறாங்க.

கண்ணுக்குத் தெரியிற பிழையள்ல எனக்குப் பெரிசாப் பயமில்ல. நம்ம டவுன் 8.57 வடக்கு, 81.23 கிழக்கு. ரெண்டையும் மாறிப் போட்டா புள்ளி ஆர்க்டிக்கில, ஸ்வால்பார்டுக்கு அங்கால கடலில போய் நிக்கும். ஜிபிஎஸ் விழாத வீட்டுக்கு 0,0 எண்டு பதிஞ்சிருந்தா அது மேற்கு ஆபிரிக்காவுக்குக் கீழ கடலில கிடக்கும். மேப்ப ஒருக்காத் திறந்தாலே பிடிபடும். பிடிபடாதது டேட்டம் பிரச்சினை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகைய எந்த அடிப்படையில அளந்திருக்கு எண்டது. போன் தாறது டபிள்யூஜிஎஸ்84, பழைய நில அளவைத் திணைக்கள மேப்புகள் கந்தவல (Kandawala) டேட்டத்தில, புதுசுகள் எஸ்எல்டி99இல. கந்தவல அட்சரேகை தீர்க்கரேகைய மாத்தாம அப்பிடியே போட்டா வீடு நூறு மீட்டருக்கு மேல நகரும். மேப்பில பாத்தாலும் எல்லாம் நம்ம ஊரிலதான் இருக்கிற மாதிரித் தெரியும், ஆனா டவுனுக்குள்ள அவ்வளவு தூரம் எண்டா அது பக்கத்து ஜிஎஸ் (கிராம சேவையாளர்) பிரிவு, உப்புவெளிக் கரையில எண்டா வீடு கடலுக்க.

ஜிபிஎஸ் இல்லாம ஜிஎஸ் பிரிவு கோட் (code) நம்பர வச்சு சேர்க்கிற ஆக்களுக்கு எக்செல்தான் எதிரி. சென்சஸ் கோட்டில மாவட்டம் 53, அதுக்குப் பிறகு டிஎஸ் (பிரதேச செயலாளர்) பிரிவுக்கு ரெண்டு இலக்கம், ஜிஎஸ் பிரிவுக்கு மூண்டு இலக்கம். எக்செல் முன்னால இருக்கிற பூச்சியத்த எல்லாம் தின்னும். 03உம் 015உம் எண்டு இருந்தது 3உம் 15உமாகி, ஒட்டினா 315, 31உம் 005உம் எண்டு இன்னொண்டு இருந்தா அதுவும் 315. ரெண்டு ஊர் ஒரு கோட்டில போய் நிக்கும், ஜாயின் (ரெண்டு டேபிளையும் சேர்க்கிறது) சந்தோசமா ஓடும். கோட் இருக்கிற கொலத்த (column) டெக்ஸ்டா இம்போர்ட் பண்ணுங்க, சேர்க்க முன்னமும் பிறகும் எத்தினை வரி எண்டு எண்ணுங்க. பேர வச்சு சேர்க்கவே வேணாம், மூதூர ஆங்கிலத்தில எழுதிறதுக்கே நாலஞ்சு விதம் இருக்கு, வெருகல சில ஃபைல்ல ஈச்சிலம்பற்று எண்டுதான் போட்டிருப்பாங்க.

தூரம் கணக்குப் பாக்கிறது அடுத்தது. டவுனில இருந்து மூதூருக்கு நேர்கோட்டில பதினஞ்சு கிலோமீட்டர் வராது, ஆனா அந்தக் கோடு கொட்டியாரக் குடாவுக்கு மேலால போகுது. அம்புலன்ஸ் கடலால போகாது, கிண்ணியாவச் சுத்தித்தான் வரவேணும். அதுவும் கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல, அதுக்கு முன்னம் பாதை எண்டுற மிதவைப் படகுதான், அப்ப 2005 சர்வேக்கு இண்டைய ரோட் மேப்ப வச்சு ஆஸ்பத்திரிக்குப் போற நேரம் கணக்குப் பாத்தா என்ன அர்த்தம்?

டிஎச்எஸ் (குடித்தொகை, சுகாதார சர்வே) மாதிரி சர்வேயள் தாற புள்ளி உண்மையான இடமே இல்லயெண்டதையும் கனபேர் கவனிக்கிறேல்ல. ஆக்களக் காப்பாத்த வேணுமெண்டே டவுன் கிளஸ்டர (ஒண்டாக் கேட்ட வீட்டுக் கூட்டம்) 2 கிலோமீட்டர் வரைக்கும், கிராமக் கிளஸ்டர 5 கிலோமீட்டர் வரைக்கும், கிராமங்கள்ல நூத்துக்கு ஒண்ட 10 கிலோமீட்டர் வரைக்கும் தள்ளி வைப்பாங்க. அதில இருந்து 'கிட்டத்து கிளினிக்குக்கு 1.3 கிலோமீட்டர்' எண்டு எழுதிறது பகிடி. புள்ளியச் சுத்தி பஃபர் (ஒரு வட்டம்) போட்டு சராசரி எடுக்கிறதுதான் வழி, ஆனா கரையோரத்தில அதிலயும் ஒரு பொறி இருக்கு. குச்சவெளிக் கரையில 5 கிலோமீட்டர் பஃபர் போட்டா பாதி கடல். சேர்ப்ஸ் (CHIRPS) மழை ராஸ்டரில, அதாவது கட்டம் கட்டமா நம்பர் இருக்கிற மேப்பில, கடலுக்கு -9999 எண்டு இருக்கும், அது நோடேட்டா (டேட்டா இல்ல) எண்டு சொல்லாம விட்டா சராசரி மழை மைனஸில வரும். மைனஸ் வந்தா நல்லம், கண்டுபிடிச்சிரலாம், வேற சில ராஸ்டரில கடலுக்கு 0 இருக்கும், அப்ப குச்சவெளி சும்மா வறண்ட ஊராகிரும்.

மழையெண்டா வருஷத்தப் பத்தியும் சொல்லவேணும். நமக்கு மழை ஒக்டோபரில இருந்து ஜனவரி வரைக்கும், பெரும்போகமும் அதோட. ஜனவரி தொடக்கம் டிசம்பர் எண்டு கூட்டினா ஒரு போகத்த நடுவால வெட்டி, போன போகத்தின்ர வாலையும் வாற போகத்தின்ர தலையையும் ஒட்டுறீங்க. 2019 வீட்டு வருமான செலவு சர்வே அந்த வருஷம் முழுக்க மாதாமாதம் நடந்தது, பெப்ரவரியில கேட்ட வீட்டுக்கு '2019 மழை' எண்டு சேர்த்தா இன்னும் பெய்யாத மழையால அந்த வீட்டுச் சோறு குறைஞ்சது எண்டு கதை எழுதிறீங்க.

எல்லாத்திலயும் கஷ்டமானது ஆக்கள் இடம் மாறினது, இது எந்த மனுவலிலயும் ஒழுங்கா இல்ல. சம்பூர்ச் சனம் 2006இல வெளிக்கிட்டு கிளிவெட்டி, பட்டித்திடல் முகாமுகள்ல வருஷக்கணக்கா இருந்து, கடைசிக் காணியள் விடுபட்டது 2015, 2016இல. 2012இல முகாமில எடுத்த ஜிபிஎஸ்ஸுக்கு 2004 சுனாமி அலை எவ்வளவு உள்ள வந்தது எண்டு சேர்த்தா அது அந்தக் குடும்பத்தின்ர அனுபவம் இல்ல, முகாமின்ர நிலம். அப்ப எங்க இருந்தீங்க எண்டு சர்வேல ஒரு கேள்வி இருந்தா அந்த ஊரோட சேருங்க, இல்லாட்டி அந்த வீடுகளப் புறம்பா வச்சுப் பாருங்க.

வருமான செலவு சர்வேய டிஎஸ் பிரிவு வாரியா நிறம் தீட்டாதீங்க, அது மாவட்ட மட்டத்துக்கு எடுத்த சாம்பிள், கோமரங்கடவலையில விழுந்த நாலு வீடு கோமரங்கடவலை ஆகாது. 2006/07 சுற்றில திருகோணமலை மாவட்டமே இல்ல, வடக்கும் இல்ல. ஜாயினில வெறுமையா வாறத 0 ஆக்கிற பழக்கம் இருந்தா, அந்த வருஷம் இங்க ஏழையே இல்ல எண்டு ஒரு வடிவான மேப் வரும்.

கடைசியா, வீட்டுப் புள்ளி மேப்ப தீசிஸ் பின்னிணைப்பில போடவே வேணாம். பெண் தலைமைக் குடும்பம், கடன், நோய் எண்டு நிறம் போட்டு சின்ன ஜிஎஸ் பிரிவொண்டில புள்ளி வச்சா, ஊராக்கள் பாத்த உடன ஆற்ற வீடெண்டு சொல்லுவாங்க. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கு. மழை, தூரம் எல்லாம் சேர்த்து முடிஞ்சதும் ஜிபிஎஸ் கொலத்த வெட்டிப் பாஸ்வேர்ட் போட்ட வேற ஃபைலில வச்சிற்று, மிச்சத்த மட்டும் மற்ற ஆக்களுக்கு அனுப்புங்க.