பட்டறைச் சம்பளத்தை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் யூனிட்டிலோ பிரஸ் ஷாப்பிலோ இருப்பவர்கள் கம்பெனி மாறும்போது முதலில் கேட்பது "கைக்கு எவ்வளவு வரும்?" என்பதைத்தான். அந்த ஒரு தொகையை மட்டும் நம்பினால் கணக்கு தப்பிவிடும்.

முதல் தவறு, ஓடியையும் (ஓவர்டைம், அதாவது கூடுதல் நேர வேலைக்கு வரும் பணம்) சம்பளத்தையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பது. ஒரு வெல்டருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 20,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், நாளைக்கு 8 மணி நேரம் என்றால் மணிக்கு 100 ரூபாய் வருகிறது. இரண்டு வருடம் கழித்து அதே ஆளின் சம்பளச் சீட்டில் 24,800 ரூபாய் இருக்கிறது, வீட்டில் எல்லோரும் 4,000 ரூபாய் ஏறிவிட்டது என்று நினைக்கிறார்கள், ஆனால் அந்த 4,000 முழுக்க 40 மணி நேரம் கூடுதலாக நின்று பற்றவைத்ததற்கு வந்த பணம். மணிக்கு அதே 100 ரூபாய்தான், இடையில் விலைவாசி ஏறியிருப்பதால் உண்மையில் சம்பளம் இறங்கியிருக்கிறது. அதோடு, சட்டப்படி ஓடிக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். அந்த 40 மணி நேரத்துக்கு 8,000 வந்திருக்க வேண்டும். சிங்கிள் ரேட்டில் வாங்குவதைப் பலர் வழக்கம் என்றே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அதுதான் வருத்தமான விஷயம்.

பஞ்சப்படி ஏறுவதை இன்கிரிமென்ட் என்று நினைப்பதும் தவறு. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலிக்கான பஞ்சப்படி, விலைவாசிக் குறியீட்டை வைத்து ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறுகிறது. அது விலை ஏற்றத்தை ஈடுகட்டத்தான். உங்கள் திறமைக்கோ அனுபவத்துக்கோ என்ன ஏறியது என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம் சம்பளத்தைப் பிரித்திருக்கும் விதம். ஒரு இடத்தில் மொத்தம் 22,000, ஆனால் அடிப்படை 9,000தான், மீதியெல்லாம் அலவன்ஸ். இன்னொரு இடத்தில் மொத்தம் 20,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 16,000. பிஎஃப், கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) இரண்டுமே அடிப்படை, பஞ்சப்படியை வைத்துத்தான். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, அலவன்ஸ் பாதிக்கு மேல் போனால் மிஞ்சியதையும் ஊதியமாகக் கணக்கில் எடுக்க வேண்டும், ஆக முதல் இடத்தில் 11,000 என்று வைத்தாலும் பத்து வருடக் கிராஜுவிட்டி சுமார் 63,000. இரண்டாவது இடத்தில் சுமார் 92,000!

"பிஎஃப் வேண்டாம், பணமாகக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. உங்களிடம் பிடிக்கும் 12 சதவீதத்தோடு முதலாளி போடும் 12 சதவீதமும் போய்விடும். இஎஸ்ஐக்கு (தொழிலாளர் காப்பீடு) உங்கள் பங்கு வெறும் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பவர் பிரஸ்ஸில் விரல் சிக்கி வேலைக்குப் போக முடியாமல் கிடந்தால், தினக்கூலியில் சுமார் 90 சதவீதம் இஎஸ்ஐயிலிருந்து வரும். இஎஸ்ஐக்குச் சம்பள வரம்பு மாதம் 21,000, ஆனால் அந்த வரம்பைப் பார்க்கும்போது ஓடியைச் சேர்ப்பதில்லை. அதனால் மேலே சொன்ன வெல்டர் 24,800 வாங்கினாலும் இஎஸ்ஐக்குள்தான் இருக்கிறார். "சம்பளம் தாண்டிவிட்டது, இஎஸ்ஐ கிடையாது" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்பவர்கள் சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்தம் இருந்தாலே போதும் என்று விட்டுவிட வேண்டாம். உங்கள் பிஎஃப் எண்ணான யுஏஎன்னைப் போட்டு பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, பிடித்த பணம் மாதாமாதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு பிஎஃப் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.